யாழினியின் காப்பீட்டுக்காக ஸ்ரீரங்கம் வரை

சென்ற ஐப்பசியில், மழை விட்ட ஒரு புதன்கிழமை, நானும் என் எட்டு வயது மகள் யாழினியும் வையம்பட்டியிலிருந்து ஸ்ரீரங்கம் போனோம். கோயிலுக்கு அல்ல, காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்கு அருகில் இருக்கும் ஒரு சிறப்புப் பள்ளிக்கு. குறைமாதத்தில் பிறந்த யாழினிக்குக் கால் தசைகள் இறுகியிருக்கும். கையைப் பிடித்தால்தான் நடப்பாள். மற்ற நாட்களில் உள்ளூர்ப் பள்ளி, புதனும் சனியும் இங்கே பிசியோதெரபி.

இந்தப் பயிற்சிக்கு நாங்கள் பணம் கட்டுவதில்லை. முதலில் பள்ளி செலவு செய்கிறது. பிறகு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து அந்தத் தொகை பள்ளிக்குத் திரும்பி வருகிறது. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை காப்பீட்டுத் தரப்பு மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்து, பயிற்சி இன்னும் தேவை என்று எழுத வேண்டும். அப்படி அவர் பார்க்க வரும் நாள் அது. இதே வேலையாகப் போகப்போகிற பெற்றோருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் பஸ் ஏறினோம். திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், மழைக்காலத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். மணப்பாறை தாண்டியதும் பனி சூழ்ந்துகொண்டது. வயல்கள் இல்லை, வீடுகள் இல்லை. வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு வேப்பமரம் தோன்றி மறைந்தது. யாழினி என் தோளில் சாய்ந்து, தூக்கமும் விழிப்புமாக, கண்ணாடியில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் எங்கும் போகாமல் ஒரே இடத்தில் நின்று ஆடுவது போலிருந்தது.

அந்த நேரத்தில் கணவர் ஃபோன் செய்தார்.

"டாக்டர் முன்னாடி நடக்க விடாத. தூக்கிட்டே போ, தூக்கிட்டே வந்துடு."

"அவ சும்மா இருப்பாளாங்க?"

"அந்தப் பையனுக்கு என்னாச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். அதே பள்ளியில் ஒரு பையன். நன்றாக நடக்கிறான், இனிப் பயிற்சி வேண்டாம் என்று போன வருடம் காப்பீட்டுப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளியால் தன் செலவில் தொடர முடியவில்லை. ஆறே மாதத்தில் அவன் முட்டி மறுபடி மடங்கிக்கொண்டது. அவன் அம்மா அழுததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திருச்சியில் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். பஸ் ஊர்ந்தது. கீழே ஆறு இரு கரையும் தொட்டு, ஓசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டையின் அடிவாரத்தைப் பனி அழித்திருந்தது. உச்சி மட்டும் மேலே.

"அம்மா... மலை... மெதக்குது," என்றாள் யாழினி. அவளுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

மாம்பழச் சாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், அறுபது ரூபாய். பத்து மணிக்குத்தான் பள்ளியில் வரச் சொல்லியிருந்தார்கள். நேரம் இருந்ததால் அம்மா மண்டபத்தில் உட்கார்ந்தோம். ஈரத் துணியோடு படியேறி வருகிறவர்கள், பூ விற்பவர்களின் குரல், நனைந்த கல்லின் மணம். நான் பையில் இட்லிப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது யாழினி பக்கத்தில் இல்லை.

ஒரு தூணைப் பிடித்து நின்றிருந்தாள். பிறகு தூணை விட்டாள். இரண்டு கைகளையும் விரித்து, தண்ணீருக்குள் நடப்பவள் போல மெல்ல மெல்ல, எதையும் பிடிக்காமல், அடுத்த தூண் வரை போனாள். எட்டு வருடமாக நான் கனவில் பார்த்தது அது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட அதே கணத்தில் நினைத்தேன்: ஏன் இன்றைக்கு?

பள்ளி வாசலிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பெண் மருத்துவர். பக்கத்தில் பள்ளித் தலைமை ஆசிரியை ரங்கநாயகி டீச்சர். யாழினி என் இடுப்பில் நெளிந்தாள்.

"நான்... நடக்குறேன்."

"வேணாம்டா கண்ணு, தரை வழுக்கும்."

"நடக்குறேன்மா!"

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இறக்கிவிட்டேன். மேசை வரை தனியாக நடந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார். மருத்துவர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"நிறுத்திடுவீங்களா மேடம்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "படி ஏறுவாளாங்க?"

"ஏற மாட்டா. சாயங்காலமானா கால் பின்னிக்கும், விழுந்துடுவா. காலைல எழுந்ததும் குதிகால் தரையில படாது. தடவிவிட்டாத்தான் நிக்கவே முடியும்."

"இதைத்தான் எங்கிட்ட யாருமே சொல்றதில்ல. ரூமுக்குள்ள நடக்குறத மட்டும் பார்த்தா எனக்கு என்ன தெரியும்? எழுதறேன். முடிவு மேலதான் பண்ணுவாங்க."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பயிற்சி தொடரும், ஆனால் வாரத்தில் ஒரு நாள்தான். கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. "தூக்கியே வச்சிருந்தா ரெண்டு நாளும் கெடச்சிருக்கும்" என்றார். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ரங்கநாயகி டீச்சர் மறுபரிசீலனைக்கு எழுதியிருக்கிறார். அதுவரை புதன்கிழமைப் பயிற்சியை வீட்டிலேயே செய்கிறோம். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டியதை ஃபோனில் பிடித்து வைத்திருக்கிறேன். கணவர்தான் காலை நீட்டிவிடுகிறார், என்னைவிடப் பொறுமையாக.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாற்றுத்திறனாளி அட்டையை மறக்காதீர்கள். அதைக் காட்டினால் டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. பாலத்து நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பிள்ளையின் நல்ல நேரத்தையும் சொல்லுங்கள், சாயங்கால நேரத்தையும் சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் சாயங்காலத்தை ஃபோனில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் பஸ்ஸிலிருந்து நான் இறக்கிவிட்டதும் யாழினி முன்னால் நடக்கிறாள். நான் பின்னால் போகிறேன், அவளை எட்டிப் பிடிக்கும் தூரத்தில். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.