அளவெல்லாம் முதுகுப் பக்கம்

நாடாவின் ஒரு நுனியை வாடிக்கையாளர் கையில் திணித்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள் தையல்காரி. "முன்னாடி நீங்களே பிடிச்சுக்கோங்க. மூச்சை அந்தப் பக்கமா விடுங்க." மார்பளவோ இடுப்பளவோ, எல்லாம் முதுகுப் பக்கத்திலிருந்துதான். யாராவது தும்மினால், அவர் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் இவள் வெட்டுமேசைக்கு அந்தப்புறம் போயிருப்பாள். தெருவில் அவளுக்கு முகமூடி மகாராணி என்று பெயர். ஆனால் அவள் தைத்த சட்டை உடம்பில் உட்காரும் அழகே தனி என்பதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள். அவளுக்கும் அதுதானே வேண்டும்!

ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். மருந்து நோயை விரட்டியது; கூடவே உடம்புக்குக் காவல் நின்ற அணுக்களையும் விரட்டிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசிகளை மறுபடியும் போட வேண்டியதாயிற்று. இருபது வருடமாகியும் எதிர்ப்புச் சக்தி முழுசாகத் திரும்பவில்லை. ஊருக்கு ஜலதோஷம் என்றால் இவளுக்கு நிமோனியா.

சொந்தக்காரர்களுக்கு இது மண்டையில் ஏறினால்தானே? "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்னடி பயம்?" என்று அத்தை மூக்கை உறிஞ்சியபடியே கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள். அடுத்தவருக்குத் தைரியம் சொல்ல யாருக்குமே பஞ்சமில்லை.

எல்லாரையும் மிஞ்சியவர் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி ஆயுசு முழுக்க பஸ்ஸைக் கிளப்பிய மனுஷர், இருமிவிட்டுத் தள்ளி நின்றால் மகள் மனசு நோகுமே என்று வீட்டில் இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டினாலும் "புரை ஏறிடுச்சும்மா" என்பார். போன மழைக்கு அந்தப் புரைதான் மகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. பிழைத்தது பெரும்பாடு. இன்னொரு தடவை வந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய அன்றே அவள் சொல்லிவிட்டாள். "நீங்க மறைச்சா நான் போயிடுவேம்ப்பா. இருமல் வந்தா தள்ளி நின்னு நல்லா சத்தமா இருமுங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல." அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் வழக்கம்போல அவளைக் கூட்டிப்போக வந்தவர் கடைக்குள் ஏறவில்லை. எதிர்ச்சாரியிலேயே நின்று, தோள் இரண்டும் குலுங்க இருமினார். தெருவே திரும்பிப் பார்த்து முகம் சுளித்தது. மனுஷர் அசரவில்லை. கையிலிருந்த துணிப்பையைத் தூக்கிக் காட்டி, சரியாகும் வரை அத்தை வீட்டில் இருப்பதாக ஜாடை செய்தார். அத்தைக்குத்தான் பயமே கிடையாதே!

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே நின்றபடியே, அப்பாவைப் பார்த்து, அதில் இரண்டு தட்டுத் தட்டினாள்.