அன்று பைக்குக்கு ஒரு கோளாறும் இல்லை

ஒரு பொய் சொன்னேன். நான்கு வருடங்களாகின்றன. மூன்றே சொல்: "பைக் ஸ்டார்ட் ஆகுதில்ல."

இந்த வாராந்திரப் பத்தியில் மற்றவர்களுடைய தவறுகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். நீங்களும் ரசித்து வாசித்திருக்கிறீர்கள். இந்த வாரம் என் முறை.

அந்தப் பொய்யை வாசலில் நின்று கேட்டவர் தங்கவேல். எங்கள் வீட்டுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் வேலை. அவருடைய மனைவி ராஜேஸ்வரியை, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டிவிட்டது. ஒன்று இரண்டல்ல... கூடு கலைந்து மொத்தமாக. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கத்தில் பைக் வைத்திருந்த ஒரே ஆள், ஓய்வு பெற்ற வாத்தியாரான நான்.

"சேர், பைக்க எடுங்க சேர்! மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சி. பேச்சே இல்ல. நான் பின்னால புடிச்சிக்கிட்டு உக்காந்துக்கிறேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போதும் சேர்!"

பைக் வீட்டுச் சுவரோரம் நின்றது. அன்று காலையில்தான் அதில் கொட்டகலைக்குப் போய்ச் சீனியும் பத்திரிகையும் வாங்கி வந்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். அதற்கு வேறு அழகான பெயர் எதுவும் வைக்க விரும்பவில்லை. எங்கள் ரோடு ஏழாம் நம்பர் மலையைச் சுற்றித்தான் போகிறது. கலைந்த குளவி அடங்கியிருக்காது. அதோடு இன்னொன்றும் மனதில் ஓடியது — எனக்கும் தங்கவேலுக்கும் நடுவில் இருக்கும்போதே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டால்? பொலிஸ், விசாரணை, ஒரு பைக்கில் மூன்று பேரை ஏன் ஏற்றினாய் என்ற கேள்வி... இவ்வளவையும் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் யோசித்து முடித்தேன். படித்தவன் அல்லவா? வேகமாக யோசிக்கத் தெரியும்.

தங்கவேல் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "சரிங்க சேர்" என்று திரும்பி ஓடினார். லயத்து ஆட்கள் ராஜேஸ்வரியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பெரிய ரோடு வரை நடந்தார்கள். அங்கே ஓர் ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று.

குசினிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அப்ப காலையில சீனி வாங்கப் போனது எந்த பைக்ல?"

அவ்வளவுதான். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராஜேஸ்வரி பிழைத்துக்கொண்டார். அது என் அதிர்ஷ்டம், என் நல்ல குணம் அல்ல. கொஞ்சம் முன்பே கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம். சிறுநீரகம் பழுதுபட்டுவிட்டது. மாதா மாதம் கிளினிக். கால் வீங்குகிறது, மலை ஏற முடியாது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் இப்போது உதவியாளாக இருக்கிறார்.

பொய் சொல்வது ஒரு நொடி வேலை. அதை வைத்துப் பராமரிப்பதுதான் பெரும் பாடு. ஸ்டார்ட் ஆகாத பைக்கை மறுநாள் எப்படி ஓட்டுவது? எங்கள் பக்கத்தில் ஒரு பைக் கிளம்பினால் மூன்று லயத்துக்குக் கேட்கும். ஒரு வாரம் போகட்டும் என்று இருந்தேன். வாரம் மாதமாயிற்று. பிறகு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. ஊரே திண்டாடியபோது எனக்கு மட்டும் அது வசதியாகப் போயிற்று. கடைசியில் தார்ப்பாய்ப் படங்கால் மூடிப் பின்கொட்டகையில் தள்ளிவிட்டு, எழுபது வயதை நெருங்கும் காலத்தில் பஸ்ஸுக்கு நடந்தேன்.

"பைக் இன்னும் சரி வரலீங்களா சேர்?" — வழியில் கேட்பார்கள்.

"பார்ட்ஸ் கிடைக்குதில்லை."

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ராஜேஸ்வரி வீட்டிலிருந்து பலகாரம் வரும். பாவம், சேருடைய பைக் ஓடியிருந்தால் அன்றைக்குக் கட்டாயம் வந்திருப்பார் என்று லயத்தில் பேசிக்கொள்வார்களாம். அந்த முறுக்கை என்னால் மெல்ல முடிந்ததா என்று கேட்காதீர்கள். மென்றேன். அதுதான் கேவலம்.

மூன்று மாதத்துக்கு முன் அதே மலையில் மறுபடியும் குளவி கலைந்தது. நல்ல காலம், லொறி பக்கத்தில் நின்றது. இரண்டு பேருக்கு லேசாகக் கொட்டியதோடு போயிற்று. கத்தல் கேட்டதும் நான் வாசலுக்கு வந்து நின்றேன். யாராவது ஓடி வருவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? சேருடைய பைக்தான் ஸ்டார்ட் ஆகாதே!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்கை இழுத்துப் போட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய பழைய பைக். ஓட்டத் தெரியும். மற்றபடி எந்த ஸ்குரூ எதைப் பிடித்திருக்கிறது என்பது தெரியாது. சாவியைத் திருப்பினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. பற்றரி செத்துப்போயிருந்தது. பற்றரி இல்லாவிட்டாலும் இந்த வகை பைக் கிக்கரில் வரும் என்று போனில் ஒரு வீடியோக்காரர் தைரியம் சொன்னார். உதைத்தேன். இருபது உதை. பைக் அசையவில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"என்னாங்க சேர், கடைசியில மனசு வந்திருச்சா?"

தங்கவேல். கிக்கர் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறார்.

"சும்மா... பாக்கலாம்னு."

"நவுருங்க சேர். இந்த வயசுல கிக்கர் திருப்பி அடிச்சா காலு போயிரும். பைக்கு எனக்கும் தெரியாதுதான். ஆனா மெஷின் மெஷின்தானே? காத்து, எண்ணெய், நெருப்பு... மூணுல ஒன்னு வரல." சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். "அன்னைக்கு என்னா செஞ்சிச்சி சேர்? அப்படியே செத்துப் போச்சா, இல்ல இழுத்து இழுத்து நின்னுச்சா?"

நோயாளியிடம் டாக்டர் கேட்பதுபோலக் கேட்டார். நான்கு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அப்படியே... சத்தமே வரல."

"அப்ப நெருப்பு."

கவிழ்த்த வாளியின் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். வீடியோக்காரர் சொல்லச் சொல்ல, தன் ஸ்பேனர் பையை எடுத்து வந்திருந்த தங்கவேல், பிளக்கின் மூடியை இழுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மூடியில் சொருகி, எஞ்சின் இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அமுக்கினார். நீலமாக ஒரு பொறி, பளிச்சென்று!

"நெருப்பு நல்லாத்தானே இருக்கு?" தலையைச் சொறிந்தார். உடனே அவரே சொன்னார்: "ஈரத்துல அன்னைக்கு மட்டும் வராம இருந்திருக்கும் சேர்."

என் பொய்க்கு அவரே முட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல ஒரு தண்டனை வேறில்லை.

அடுத்து காற்று. பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. கொட்டகையில் நான் போட்டு வைத்திருந்த பழைய விடைத்தாள்களை நறுக்கி மெத்தை போட்டிருக்கிறது. துண்டுகளில் என் சிவப்பு மை.

"சேர், எலிக்கு எத்தன மார்க்கு?"

சிரித்தோம். "இதுவா இருக்குமோ?" என்று நானே அவசரமாக எடுத்துக் கொடுத்தேன்.

"இல்ல சேர். இது கொட்டகைக்கு வந்த பொறகு கட்டுனது." மனிதர் ஏமாறத் தயாரில்லை. அல்லது பைக்கை ஏமாற்றத் தயாரில்லை.

மிஞ்சியது பெற்றோல். டாங்கியில் இருந்ததை டின்னில் இறக்கினோம். பால் விடாத பிளேன் டீ நிறம், வார்னிஷ் வாடை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தபோது பச்சையாக ஒரு பசை. பெற்றோல் போகும் ஊசித் துவாரம் முழுதாக அடைத்திருந்தது. பைக் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் பெற்றோல் கெட்டு இப்படித்தான் அடைக்கும் என்றார் வீடியோக்காரர்.

தங்கவேல் வீடியோவை நிறுத்தினார். பின்னால் தள்ளி, அதே இடத்தை மறுபடி கேட்டார்.

"ஓடாம நின்னாத்தான் இப்படி ஆகுமாம் சேர்."

"ம்."

"அப்ப அன்னைக்கு இது இல்ல."

"ம்."

"அப்ப அன்னைக்கு என்னாதான் கோளாறு?" என்னைக் கேட்கவில்லை, பைக்கைக் கேட்டார். "கோளாறு தெரியாம மூடக்கூடாது சேர். நாளைக்கு ஒருத்தருக்கு அவசரம்னா திரும்பவும் அதே எடத்துல நிக்கும்."

என் முதுகில் வியர்வை ஓடியது. கொட்டகலைக் குளிரில்!

பழைய வயரிலிருந்து ஒற்றைச் செப்புக் கம்பியை உருவி, துவாரத்தைப் பதமாகக் குத்தி ஊதினார். எல்லாவற்றையும் பூட்டினார். நான் போத்தலில் வாங்கி வைத்திருந்த புதுப் பெற்றோலை ஊற்றினார். சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரில் காலை வைத்தார்.

அப்போது நான் வேண்டிக்கொண்டேன், வாசகர்களே. இது ஸ்டார்ட் ஆகக்கூடாது. ஆகாவிட்டால் நான் சொன்னது உண்மையாக இருந்துவிட்டுப் போகலாம்... ராஜேஸ்வரியின் வீங்கிய கால்களைத் தெரிந்துகொண்டே அப்படி வேண்டினேன்.

ஆறு உதை. ஏழாவதில் 'டப்' என்று வெடித்தது. எட்டாவதில் இருமியது. அடுத்த உதையில் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது!

"வந்திருச்சி சேர்! வந்திருச்சி!"

மேலே லயத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "சேர் பைக்குக்கு உசுரு வந்திருச்சிடோய்!"

தங்கவேலின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏன் சேர் நிப்பாட்டுறீங்க? கொஞ்சம் ஓடட்டும்."

"தங்கவேல், கோளாறு பைக்ல இல்ல. அன்னைக்கு அது நல்லாத்தான் இருந்திச்சி. நான்தான் ஆகாதுன்னு பொய் சொன்னேன். பயத்துல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பைக்கைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு காலையில ஓடுச்சா?"

"ஓடுச்சி."

"சரிங்க."

ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். கையைக் கழுவினார். போய்விட்டார். 'சரிங்க' மட்டும்தான் இருந்தது. 'சேர்' இல்லை.

அடுத்த மூன்று நாளும் நான் வெளியே இறங்கவில்லை. லயம் முழுதும் தெரிந்திருக்கும். வாசலில் ஆள் வரும், வசை வரும் என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் பயந்தேன். ஒன்றும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நான்காம் நாள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போனேன்.

ராஜேஸ்வரி ஒரு கைக்குழந்தைக்குப் போத்தல் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவரு சொன்னாரு."

என்னென்னவோ சொல்லத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "மன்னிச்சிரும்மா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. குழந்தை குடித்து முடித்ததும் அதைத் தோளில் போட்டுத் தட்டினார்.

"அன்னைக்கு நீங்க வந்திருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன் சேர். பைக்குன்னா எனக்குப் பயம்."

அன்று அவருக்கு நினைவே இருக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அவர் எனக்காகச் சொன்னாரா, என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

சாவியை நீட்டினேன். "இது இங்கேயே இருக்கட்டும். யாருக்கு அவசரம்னாலும், லைசன்ஸ் உள்ள யாராவது எடுத்துக்கிட்டுப் போகட்டும். என்னைக் கேக்கவே வேணாம்."

"அதுதான் சரி" என்றார். "கேட்டாத்தானே இல்லன்னு சொல்லுவீங்க."

சாவி அவரிடம் போயிற்று. பகலில் மடுவத்து ஆணியில், மற்ற நேரம் அவர் வீட்டில்.

அந்த வாரக் கடைசியில் கொட்டகைப் பக்கம் எஞ்சின் சத்தம். எட்டிப் பார்த்தேன். தங்கவேல்! ஐந்து நிமிடம் ஓடவிட்டார், நிறுத்தினார், படங்கைப் போட்டார், போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மழையென்றில்லை, பனியென்றில்லை, தவறுவதே இல்லை. மன்னித்துவிட்டார் என்று முதல் வாரம் மனம் குளிர்ந்தேன். எவ்வளவு அவசரம் பாருங்கள், நமக்கு! பிறகுதான் புரிந்தது. அவர் என்னைப் பார்க்க வரவில்லை. இனி அந்த மூன்று சொல்லை நான் சொல்ல வழியில்லை என்பதை வாரா வாரம் பரிசோதிக்க வருகிறார். ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னால் நின்று எனக்கும் அதே கேள்வி — இன்றைக்குப் பார்த்து அது ஸ்டார்ட் ஆகாமல் போனால்?

பதினொரு ஞாயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. போன ஞாயிறு எஞ்சினை நிறுத்திவிட்டு, டாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

"பெற்றோல் கொறஞ்சிருக்கு."

திங்கட்கிழமை காலை, ராஜேஸ்வரியிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பெற்றோல் போடும் செட் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.