கடைசிக் கண்ணாடி

பெரியப்பா ரிட்டயர் ஆனதும், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வரிசையில் இருந்த அவர் வீடு காலியானது. சாமான்களும் ஆட்களும் பட்டாபிராமுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பென்ஷன் பேப்பர் நகராது. அதற்காகப் பெரியப்பா மட்டும் தினமும் வந்து, ஈரப் பேப்பரால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக் குரல் எழும்பாது. என்னோடு பேசுகிற ஒரே ஆள் பெரியப்பா மகள்தான். அவள் சொல்லிக்கொள்ளாமலேயே வண்டியேறிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கையில் ஒரு கல் இருந்தது. முதல் கண்ணாடி உடைந்தபோது கேட்டதுதான் அதுவரை நான் எழுப்பியதிலேயே பெரிய சத்தம். பிடித்திருந்தது. மறுபடியும் எறிந்தேன். பிறகு எத்தனை என்று பார்க்கவில்லை.

மறுநாள் அப்பா கத்தினார். "எந்தக் கழுதன்னு தெரியட்டும், கைய ஒடிச்சிடறேன்."

"உட்றா. காலி ஊட்டப் பாத்தா பசங்களுக்குக் கை நமநமன்னுதான் இருக்கும்" என்றார் பெரியப்பா.

ஆம்பளைப் பசங்கள் என்றே எல்லோரும் முடிவு செய்ததால், பெண்ணான என்னை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா புதுக் கண்ணாடி வாங்கி வந்து, சட்டத்தில் கண்ணாடியை ஒட்டும் பட்டி பிசைந்து கொடுக்க என்னையே கூட்டிப்போனார்.

உடைசலைக் கூட்டி முடித்தார். மேல் மூலையில் ஒரே ஒரு கண்ணாடி தப்பியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, துடைப்பக் கட்டையால் ஓங்கி ஒரு அடி. சிலீரென்று கொட்டியது.

"முப்பது வருசம். ஒரு ஆணி அடிக்க உட்டானுங்களா?" என்றார், என்னிடம் இல்லை. பிறகுதான் நான் நிற்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "இதுவும் ஒடஞ்சிதான் இருந்துச்சி, இன்னா?"

தலையாட்டினேன். அதற்கும் ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். பொழுது சாயும்வரை எல்லாவற்றையும் மாட்டினோம். திங்கட்கிழமை கையெழுத்துக் கிடைத்தது.

அதன் பிறகு பட்டாபிராமுக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். நான் செய்தது தெரிந்துவிட்டது என்று பயந்து, அவர் இருக்கும் அறைக்கே போகாமல் இருந்தேன்.

அவர் கூச்சப்பட்டது அந்த ஒரு கண்ணாடிக்காக என்பது, அவர் இறந்துபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்றதெல்லாம் நான் உடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சிரித்திருப்போம்.