பாதி வீட்டுக்காரி

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் இருபத்தொரு வீடுகளின் கதவுகள் சாம்பல் நிறம். ஒன்று மட்டும் எங்கள் ஊர்த் தொலைபேசிக் கூண்டுகளைப் போல வெண்ணெய் நிறம். அந்தக் கதவுக்குப் பின்னால் வசிப்பவள் மார்லீன் ஹெபிள்வைட்; ஹல் நகரத்தில் பேருந்து ஓட்டுபவள். பதினைந்து ஆண்டுகளாக எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு செங்கல் சுவர்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கதவு நிறம் மாறிய விதத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை.

இந்த வீடுகள் கட்டப்பட்டபோது முழு விலை கொடுக்கும் வசதி எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. பாதியை வாங்கிக்கொள்ளுங்கள், மறுபாதிக்கு வாடகை கொடுங்கள், வசதி வரும்போது அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்றது வீட்டுவசதிச் சங்கம். மார்லீனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. மணமுறிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அக்காள் வீட்டுக் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுத்திருந்தவள், முதன்முதலில் தன் சாவியால் தன் கதவைத் திறந்த அன்று, உள்ளே போகாமல் மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்தாள்.

அவளுக்கு இடப்பக்கத்து வீட்டில் க்ளைவ் இருக்கிறார். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரத்தை இயக்கி ஓய்வுபெற்றவர். ‘பாதி வீட்டுக்காரி’ என்ற பெயரை மார்லீனுக்குச் சூட்டியவர் அவர்தாம். தாமும் பாதிக்கே சொந்தக்காரர் என்பது அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. கூரை ஒழுகினால் முழுக் கூரையும் எங்கள் பொறுப்பு; சுவரில் ஒரு சன்னல் வைக்க விரும்பினால் மட்டும் சங்கத்தின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். கதவின் நிறமும் அந்த விதிக்குள் அடங்கும். தெருவில் பெரும்பாலோர் இதைப் படிக்கவில்லை, படித்தவர்களும் பொருட்படுத்தவில்லை. மார்லீன் பொருட்படுத்தினாள். அதற்குக் காரணம் அவளுடைய தொழில்.

பேருந்து ஓட்டுநர்கள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதை ஒரு முறை சுற்றிவர வேண்டும். சக்கரம், விளக்கு, கண்ணாடி, அவசரக் கதவு என ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு சீட்டில் எழுத வேண்டும். ஒன்றும் பழுதில்லை என்றாலும் ‘குறை இல்லை’ என்று எழுதியே தீர வேண்டும். சீட்டுக்கு அடியில் கார்பன் தாள் இருக்கும். மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பிறகு நகல் ஓட்டுநருடையது. பலர் அந்த நகலைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். மார்லீன் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பேருந்தின் கதவு பயணி ஒருவரின் தோளில் மோதியது. அந்தக் கதவின் பழுதை அவள் மூன்று நாள்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். பணிமனையில் அந்தச் சீட்டைக் காணவில்லை. சட்டைப்பையில் இருந்த நகல்தான் அவளுடைய வேலையைக் காப்பாற்றியது. அன்று முதல் அவள் எதை எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்காமல் திரும்புவதில்லை.

அதே முறையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சமையலறையை மாற்றியபோதும், பின்புறம் கண்ணாடி அறை கட்டியபோதும், தொடங்குமுன் ஒரு கடிதம், முடிந்த பின் ஒரு கடிதம். இரண்டாவது கடிதத்தின் அடியில் தவறாமல் ‘குறை இல்லை’ என்று எழுதுவாள். விடுப்பு நாளில் நகரத்துக்குப் போய்ச் சங்க அலுவலகத்தின் முன்மேசையில் கடிதத்தைக் கொடுத்து, கார்பன் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வருவாள். பூனைக்காகப் பின்கதவில் சிறு திறப்பு வைக்கவும் அவள் இப்படியே அனுமதி கேட்டாள்.

“ஏம்மா மார்லீன், பூனை வெளிய போறதுக்கும் மனுவா? தும்முறதுக்கு முன்னாடியும் ஒரு வார்த்த கேட்டுக்கோ” என்றார் க்ளைவ், வேலிக்கு மேலாக.

“கேட்டாச்சு அண்ணே. பதில் வர்ற வரைக்கும் அடக்கி வெச்சிருக்கேன்.”

க்ளைவ் ஒரே கோடையில், ஒருவரையும் கேட்காமல், தம் கையாலேயே பின்னறையைக் கட்டி முடித்தார். மார்லீனின் அறைக்கு அனுமதி வரவே ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களும் அவர் தம் புதிய அறையில் நாற்காலியைப் போட்டு, தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு மார்லீன் மறுபாதியை வாங்க முடிவு செய்தாள். வங்கி ஐம்பதாயிரம் பவுண்டு கடன் தர ஒப்புக்கொண்டது. வயது ஐம்பத்தொன்று ஆகிவிட்டதால், இன்னும் இரண்டு ஆண்டுகள் போனால் இந்தத் தொகை கிடைக்காது என்றும் சொன்னது. அவள் சேமிப்பில் பத்தாயிரம் இருந்தது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து இரண்டு விலைகளை எழுதினார்: அவள் செய்த வேலைகளைச் சேர்க்காவிட்டால் மறுபாதியின் விலை அறுபதாயிரம்; சேர்த்தால் அறுபத்தேழாயிரம். அவளால் முடிந்தது முதல் விலை மட்டுமே. ஒப்பந்தப்படி, குடியிருப்பவர் அனுமதியுடன் செய்த வேலைகளை விலையில் சேர்க்கக் கூடாது. ஆனால் சங்கத்திலிருந்து வந்த கடிதம், அனுமதி அளித்ததற்கான பதிவு எதுவும் தங்களிடம் இல்லை என்றது. இடையில் சங்கம் இரண்டு முறை வேறு சங்கங்களோடு இணைந்திருந்தது. இடம் மாறியபோது பழைய கோப்புகள் எங்கோ போய்விட்டன. மதிப்பீடு மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும். அவற்றில் இரண்டு மாதங்கள் கடிதப் போக்குவரத்திலேயே கழிந்தன.

கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள். மார்லீன் பேருந்துச் சீருடையிலேயே புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன். எங்களைச் சந்தித்தவர் ஜில்லியன் ஸ்டாதர்ஸ் என்ற மேலாளர். மரியாதையாகத்தான் பேசினார். எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால் கூடுதல் விலையைத்தான் கேட்க வேண்டியிருக்கும், தமக்கும் அது வருத்தமே என்றார். மார்லீன் பையிலிருந்து ஓர் அட்டைக் கோப்பை எடுத்து, நீல எழுத்து மங்காத நகல்களைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்பினாள். பக்கத்தில் சங்கத்தின் பதில்களையும் வைத்தாள். சமையலறை, கண்ணாடி அறை, பூனைக் கதவு, ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஜில்லியன் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். நான்காவது தாளில் அவர் விரல் நின்றது.

“இது என் கையெழுத்து” என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, “அப்ப நான் முன்மேசையில இருந்தேன். நீங்க வந்துட்டுப் போனா நாங்க உள்ள போயி சிரிப்போம்” என்றார்.

“தெரியும்மா. உங்க உள்கதவு கண்ணாடிக் கதவுதானே? முன்னாடி போனாலும் பின்னாடி நடக்கிறத பாக்கிறதுதானே என் பொழப்பு” என்றாள் மார்லீன்.

ஜில்லியன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் நகல்களைப் பிரதியெடுத்து வந்து, விலையை அறுபதாயிரம் என்று எங்கள் கண்முன்னே திருத்தி எழுதினார். மார்லீன் அந்தத் தாளிலும் தேதியும் கையெழுத்தும் கேட்டு வாங்கினாள். வெளியே வந்ததும் பொரித்த உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் வாங்கி, மசாலா தூவி, நிறுத்தத்தில் நின்றபடியே தின்றோம். அவ்வழியே பேருந்து ஓட்டிச் சென்ற தோழி ஒருத்திக்கு அவள் சிப்ஸை உயர்த்திக் காட்டினாள். தோழிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ஒலிப்பானை அழுத்திவிட்டுப் போனாள்.

ஐந்து வாரங்களில் முழு வீட்டுக்குமான பத்திரம் வந்தது. அடுத்த விடுப்பு நாளில் மார்லீன் ஒரு டப்பா வண்ணமும் ஒரு கடிதமுமாக என் வீட்டுக்கு வந்து, கடிதத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். முன்கதவுக்கு வண்ணம் பூச அனுமதி கோரும் கடிதம். பிழை ஒன்றுமில்லை. இதை யாரிடம் கொடுக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பேனாவை எடுத்து, அனுமதி அளிப்பவர் ஒப்பமிட வேண்டிய கோட்டின்மேல், நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதித் தேதியிட்டாள். அந்தத் தாள் இப்போது அவள் கதவின் உட்புறத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது.

அவள் இரண்டாம் பூச்சைப் பூசிக்கொண்டிருந்தபோது க்ளைவ் வேலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்தார். அவரும் மறுபாதிக்கு விலை கேட்டிருந்தார். அனுமதியில்லாமல் அவர் கட்டிய அறையின் மதிப்பும் அந்த விலையில் ஏறியிருந்தது. காலங்கடந்து அனுமதி கேட்க வழியுண்டு என்று எவரோ சொல்லியிருந்தார்களாம். சிறிது நேரம் வண்ணத்தைப் பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் கார்பன் தாள் இன்னும் உங்கிட்ட இருக்காம்மா?”

மார்லீன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்து வைத்தாள். அவரை உள்ளே அழைத்து, கண்ணாடி அறையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்தாள். கடிதத்தை அவரே எழுத வேண்டும் என்றாள். ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொடுத்தாள். அவர் பாதி வீட்டுக்காரர் என்பதை ஒரு முறைகூட நினைவூட்டவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பியபோது மட்டும் சொன்னாள்:

“தபால்ல போடாதீங்க அண்ணே. நேர்ல போங்க. கையெழுத்து வாங்காம வந்தீங்கன்னா, நீங்க போகவே இல்லன்னு அர்த்தம்.”