இடம் போதாத வாக்கியம்

அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. வளவளவென்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈவிரக்கமில்லாமல் வெட்டுவேன். ஆனால் வெட்டக்கூடாததில் யாராவது கைவைத்தால் சண்டைக்கு நிற்பேன்.

பொங்கோலில் இருக்கும் ஓர் ஆய்வாளர், சர்க்கரை நோய்க்கான மூலிகைப் பொடி பற்றிய கட்டுரையின் சுருக்கத்தை அனுப்பியிருந்தார். ஆய்விதழ் அனுமதித்த அளவை அது தாண்டியிருந்தது. அலங்காரங்களைக் கழித்துவிட்டு, ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தேன். 'சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.' அவரோ அதைத் தூக்கிவிட்டு, நான் வெட்டிய 'மிகவும் நம்பிக்கையூட்டும்' என்பதைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

போனில் கத்தினேன்.

"முழுக் கட்டுரையில அது இருக்கு லா. நான் பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"சுருக்கத்தைத் தாண்டி யார் சார் படிக்கிறாங்க?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு, சிறுநீரகமும் பாதி பழுது. அவளைப் போன்றவர்களைப் பற்றி ஆய்வுக்கு எதுவுமே தெரியாது என்பதைத்தான் அந்த வாக்கியம் சொன்னது. கட்டுரை அவருடையது, முடிவும் அவருடையது. அந்த வாக்கியம் இல்லாமலேயே சுருக்கம் வெளியானது. அக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் எங்கே ஆய்விதழ் படிக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அக்கா மீன் வாங்கத் தேக்கா சந்தைக்கு வந்தாள். மாடியில் துணி தைக்கக் கொடுத்துவிட்டு, கீழே சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், தே ஓ கொசோங், வந்தது. பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, ஒரு கரண்டி பொடியை அதில் போட்டுக் கலக்கினாள். புட்டியின் மேல் அந்த மூலிகையின் பெயர்.

கோப்பையைப் பிடுங்கினேன். "இதை யார் குடிக்கச் சொன்னா?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு. பெரிய ஆராய்ச்சியாம். ரெண்டே வரி, நல்லா புரிஞ்சுது. சுருக்கமா எழுதுறவங்களைத்தான் நம்பணும்னு நீதானே சொல்லுவ?"

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"சுகர் இறங்கியிருக்கு, தெரியுமா? கால்தான் கொஞ்சம் வீங்குது."

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். செருப்பின் வாரைக் கழற்றி விட்டிருந்தாள். வார் பதிந்த தடம் காலில் ஆழமாகக் கிடந்தது.