மூன்று டெனிஷ்காரருக்கு மீன் ரோல்ஸ்

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நடந்த பேச்சு ஷாமிலாவுக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

“ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, கார் திருத்தியாச்சோ?” என்று தொடங்கியது அவளுடைய அம்மா மேரிசெலின்.

“எங்கை தங்கச்சி! பிரேக் சரியில்லையெண்டு பரிசோதனையில மறிச்சுப்போட்டாங்கள்.”

“அப்ப சனிக்கிழமை ஆத்தங்கரைக்கு எப்பிடிப் போறது? உங்கட ஆக்கள் பாத்துக்கொண்டெல்லோ நிப்பினம்.”

“ரெயினில போவன்.”

“இந்தக் குளிருக்கையோ? நல்ல கதை. இவள் கூட்டிக்கொண்டு போவாள்.”

“பிள்ளைக்கு ஏன் கரைச்சல்...”

“எனக்கு அண்டைக்கு வேலை இல்லை, மாமா,” என்றாள் ஷாமிலா.

“அந்த மூண்டு டெனிஷ்காரரையும் இவளாவது ஒருக்காப் பாக்கட்டும்,” என்றாள் அம்மா. “எத்தினை வருசமா ரோல்ஸ் பொரிச்சு அனுப்புறன். அதுகளுக்குக் கடிக்கப் பல்லிருக்கோ எண்டுகூடத் தெரியாது.”

“பல்லெல்லாம் இருக்கு,” என்றார் அவர் அவசரமாக.

ஸ்ரனிஸ்லாஸ் மன்னார்க்காரர். டெனிஷ் ஊரான இக்காஸ்டில் பின்னல் ஆலைகள் ஓடிய காலத்தில் பகலும் இரவும் மாறி மாறி நின்றவர். ஆலையைப் போலந்துக்கு மாற்றிய பிறகு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி, அங்கிருந்தே ஓய்வுபெற்றார். பிள்ளைகள் இல்லை. மனைவி யூலியானா இறந்தபோது, தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் இருந்த தங்கை றோஸ் தன் வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையை ஒதுக்கிவைத்துவிட்டு, “அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்? வந்திடுங்கோ” என்று ஒரே பிடியாக நின்றாள். அவருக்குப் போக விருப்பமில்லை. அப்போதுதான் தனக்கு மூன்று டெனிஷ் சிநேகிதர் இருப்பதாகச் சொன்னார். யென்ஸ், ஓல, பிரிட்ட. மார்ச் மாதம் பறவைகள் வடக்கே திரும்பும்போது, நான்கு பேரும் ஸ்கேர்ன் ஆற்றங்கரையில் கூடுவார்களாம். அண்ணன் தனியே இல்லை என்று கேட்ட பிறகுதான் றோஸ் கொஞ்சம் இறங்கிவந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மேரிசெலினுக்கு அழைத்து விசாரித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை ஷாமிலாவின் காரில் பின்னிருக்கை முழுவதும் மீன் ரோல்ஸ் வாசம். தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. ஆற்றங்கரையில் காற்று முகத்தை அறுத்தது. கரையோரத் தண்ணீர் மெல்லிய தகடாக உறைந்திருந்தது. வெள்ளம் நின்ற புல்வெளியில் ஊசிவால் தாராக்கள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. அப்பால் எங்கோ வேறொரு இனம் விசிலடித்தபடி இருந்தது. திடீரென்று வாத்துக்கூட்டம் ஒன்று எழுந்து, தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றிவந்து, மறுபடியும் அதே இடத்தில் இறங்கியது.

“மன்னாருக்கும் இந்தத் தாரா வாறது,” என்றார்.

“அங்கையும் பாக்கப் போறனீங்களோ?”

“அங்கை கறிக்கு.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பறவை பார்ப்பவர்களுக்கென்று கட்டிய மரக்குடிலில் உட்கார்ந்தார்கள். ரோல்ஸ் பெட்டியை அவர் மடியில் வைத்திருந்தார்.

“குளிரெல்லோ, பிந்துவினம்,” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “ஓலவுக்குக் கால் ஏலாது,” என்றார்.

தொலைநோக்கியோடு ஒரு டெனிஷ் தம்பதி வந்து, பக்கத்தில் அதன் முக்காலித் தாங்கியை விரித்தார்கள். அவரைக் கண்டு தலையாட்டினார்கள். அவரும் தலையாட்டினார். ஒவ்வொரு வருடமும் காண்கிறவர்கள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. ஷாமிலா பெட்டியைப் பார்த்தாள். அவர் மூடியில் கையை வைத்தார். திறப்பார் என்று நினைத்தாள். கை அங்கேயே இருந்தது. ஆலையிலும் களஞ்சியத்திலுமாக முப்பது வருடத்துக்கு மேல் பேசிய டெனிஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தம்பதி தங்கள் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பைக்கு ஊற்றிக் குடித்துவிட்டு, தங்கள்பாட்டில் நடந்துபோனார்கள்.

இல்லாத சிநேகிதரைச் சொன்ன அன்று அவர் ஒன்றை மறந்திருக்க வேண்டும்: ஆள் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் சாப்பாடு அனுப்பாமல் விடாது. நாலு பேருக்கான ரோல்ஸை ஒருவராக ஒரு கிழமை முழுக்கச் சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறார், வருடா வருடம்.

அந்த நேரத்தில்தான் அம்மா அழைத்தாள்.

“வந்திட்டினமோ? றோஸ் மற்ற போனில நிக்கிறா. கேக்கிறா.”

ஸ்ரனிஸ்லாஸ் கழுத்தில் கிடந்த தூரக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். அவர் பார்த்த பக்கத்தில் வெறும் நாணல்தான் இருந்தது. அவருடைய மூக்கு நுனி சிவந்து ஒழுகியது; துடைக்கவில்லை.

“ஓம் அம்மா,” என்றாள் ஷாமிலா. “மூண்டு பேரும் நிக்கினம்.”

“ஒரு படம் எடுத்து அனுப்பன்.”

“கை விறைச்சுப்போச்சு. பேந்து கதைக்கிறன்.”

போனை வைத்ததும் அவர் கண்ணாடியை இறக்கினார். அவளைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்து, ஒரு ரோலை அவளிடம் நீட்டி, தானும் ஒன்றைக் கடித்தார். மென்று விழுங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்:

“வீட்டை போனா, அம்மாட்டை ஒண்டு சொல்லுவியோ, பிள்ளை? அவைக்கு உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சாம் எண்டு.”