ஆயுத பூஜைக்குப் போன மஞ்சள் கோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பெரிய பைக்குகள் வந்து நின்றன. சென்னையிலிருந்து மலைப்பக்கம் சுற்றப் போகிற பையன்கள். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை என்று கழுத்து முதல் கால் வரை தோல் உடுப்பு. கடையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டு, "இன்னாத்துக்கு இவனுங்களுக்கு இந்த வேஷம்? சர்க்கஸுக்கா போறானுங்க?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் நான் இதை அவரிடம் சொன்னதே இல்லை.

அந்த உடுப்பு எதற்கென்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அதைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், என் அம்மா வேலை பார்த்தாள். கையையும் தோள்பட்டையையும் இணைக்கிற தையல் அவளுடையது. கலர் எதுக்கும்மா என்று ஒரு நாள் கேட்டேன். "லாரிக்காரன் மேல குந்திக்கினு வரான். அவன் கண்ணுல நாம படணும். பட்டாத்தான் பிரேக்கு," என்றாள். தோல் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். "ரோடுன்றது உப்புத்தாளு கண்ணு. வுழுந்தா சட்ட ஒரு நொடி தாங்கும். அப்பறம் நம்ம தோலுதான். அதுக்குதான் மேல மாட்டுத்தோலு."

அவள் கதை சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா விழுந்திருந்தார். அப்பாவுக்கு அத்திப்பட்டுப் பக்கம் கரண்டு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் ஊர் இரண்டு கம்பெனிக்கும் நடுவில். அம்மா வடக்கே கம்பெனி பஸ்ஸில் போவாள், அப்பா தெற்கே பழைய பைக்கில் போவார். அந்த ரோட்டில் கன்டெய்னர் ட்ரைலர் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். அப்பாவுக்குக் கொடுத்திருந்த யூனிஃபார்ம் சாம்பல் நிறம். ரோடும் அதே நிறம். ஒரு ட்ரைலர் அவரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. பின்னால் வந்து நிறுத்தின இன்னொரு லாரி டிரைவர்கூட, ஆள் இருந்ததே தெரியவில்லை என்றாராம். வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை உரிந்துபோய், அப்பா இரண்டு மாதம் வாழை இலையில் படுத்துக் கிடந்தார். அம்மா ஊசி முனையால் ஒவ்வொரு கல்லாக எடுத்தாள். எடுத்துவிட்டு மறுநாள் போய் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கைக்குத் தோல் தைத்தாள்.

அம்மாவின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் இறங்கினதுதான், ஓட்டை மூடாது. அதனால் ஒரு தையல் கோணினாலும் அந்தக் கோட்டு ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை யாருக்கும் விற்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கையிரண்டையும் வெட்டி, முதுகில் ஒரு நீள வெட்டுப் போட்டு, உள்ளே இருக்கிற பேடுகளை உருவிக்கொண்டு, கழிவு மூட்டையில் போட்டுவிடுவார்கள். மலிவாக வெளியே போனால் அவர்கள் பெயர் கெட்டுவிடுமாம். அந்த மூட்டையிலிருந்து அடுப்படியில் பாத்திரம் பிடிக்க ரெண்டு துண்டு எடுத்துக்கொள்வதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மா எடுத்தாள். ஒரு நாள் வலது கை, ஒரு நாள் இடது கை, அப்புறம் உடம்புப் பகுதியின் இரண்டு பாதிகள். டிபன் பைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டில் பையைத் திறந்து பார்க்கிற அக்காவிடம், பிடிதுணிக்கு என்று சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குத்தூசியால் தைத்தாள். வீட்டு மெஷின் அந்தத் தோலைத் தொடக்கூட முடியாது. பேடுக்குப் பதிலாகத் தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வெட்டித் தோளிலும் முழங்கையிலும் வைத்தாள். மூன்றாவது வாரம் சாயந்திரம் அது எழுந்து நின்றது. கொன்றைப்பூ மஞ்சள், தோளில் சிவப்பு.

அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னாமே இது, மாரியாத்தா மாதிரி! இத்த மாட்டிக்கினு போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரு சிரிச்சா நீ செத்துட மாட்ட. போடு," என்றாள் அம்மா.

சிரிக்கத்தான் செய்தார்கள். டீக்கடைக்காரர்கள் 'மஞ்சக்குருவி' என்று பேர் வைத்தார்கள். வேர்வையில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் பொரிந்தது. ஆனால் ஒரு வாரத்தில் அவரே ஒத்துக்கொண்டார், ட்ரைலர்காரர்கள் தூரத்திலேயே ஹாரன் அடித்து ஒதுங்குகிறார்கள் என்று. அதற்கப்புறம் கழற்றச் சொன்னாலும் கழற்ற மாட்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தாள். தன் கம்பெனிப் பக்கம் மட்டும் இதைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் புகழ்ந்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள் அவள்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு கம்பெனிக்குள் விடுவார்கள். வண்டிகளையெல்லாம் கழுவி வரிசையாக நிறுத்துவார்கள், ஐயர் வந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். அம்மா கோலம் போட முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"வோணாம் கண்ணு, உங்கம்மா திட்டும்."

விட்டேனா நான்? ரோட்டில் ட்ரைலர் வராதா என்று கேட்டேன், அழுதேன், தரையில் காலை உதைத்தேன். முதலாளிக்குத் தன்னுடைய சரக்கை எங்கப்பா போட்டிருப்பதைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்று நிஜமாகவே நம்பினேன். கடைசியில், கேட்டுக்கு முன்னாலேயே கழற்றிப் பையில் வைத்துவிடலாம் என்று அப்பா இறங்கி வந்தார். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயர் தட்டோடு தயாராக நின்றார். செக்யூரிட்டி விசிலடித்து எங்கள் வண்டியை நேராக வரிசைக்குள் தள்ளிவிட்டார். அந்தக் கூட்டத்தில் எங்கே ஒளிவது? கண்ணில் படுவதற்கென்றே செய்த கோட்டாயிற்றே, எல்லார் கண்ணிலும் பட்டது.

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். அப்பாவைத் திரும்பச் சொன்னார். முதுகுத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தட்டி, "நல்லா இருக்கேம்மா, யாரு தெச்சது?" என்று கேட்டார்.

"எங்கம்மா!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. தினமும் ஒரு கை, டிபன் பைக்கு அடியில், பிடிதுணி என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கோலத்தின் ஓரத்தில் நின்றிருந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. வழக்கம்போல வெட்கப்படுகிறாள் என்றே நினைத்தேன்.

மேனேஜர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "இது ரிஜெக்ட் பீஸுங்க. இதப் போட்டுக்கிட்டு எங்கயாவது விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன். கழட்டிடுங்க," என்றார். சேஃப்டியாம்! எங்கப்பாவின் சேஃப்டி! அத்தனை பேருக்கு நடுவில், மாலை போட்ட வண்டிகளுக்குப் பக்கத்தில், அப்பா பொத்தான் பொத்தானாகக் கழற்றினார். உள்ளே இருந்தது ஒரு நூல் சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் ட்ரைலர்களுக்கு நடுவே என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். எனக்கு மேனேஜர் இரண்டு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார், பொய் சொல்லாத பிள்ளை என்று. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கோட்டை அன்றைக்கே வெட்ட முடியவில்லை. கத்தரிகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன, அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. விஜயதசமியும் போய்க் கம்பெனி திறந்தபோது, பூஜையில் வைத்த கத்தரியை எடுத்து அம்மாவின் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். லைனில் இருந்த எல்லாப் பெண்களையும் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை வேண்டுமென்றால் நீயே வெட்டு என்றாராம் மேனேஜர். இதை அம்மா சொல்லவில்லை. அவளோடு பஸ்ஸில் போகிற அக்கா ஒருத்தி, என் கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னாள். அம்மா அழவில்லையாம். தையலை ஒட்டி நேராக, பழைய வெட்டு எப்படி இருந்ததோ அப்படியே வெட்டினாளாம். வருஷத்தின் முதல் வேலையாக ஒருத்தியைச் செய்யச் சொல்கிற காரியமா அது? அவர்களும் மனுஷர்கள்தானா?

அம்மா என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எதற்கென்று கேட்டிருப்பேன், அவளும் சொல்லியிருப்பாள்.

அப்பா அதற்குப் பிறகு விழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதைக்காகச் சேர்த்துச் சொல்கிறேன் என்பீர்கள். சாம்பல் யூனிஃபார்மிலேயே போய்வந்து, வேலையை விட்டு நின்று, இப்போது முழுசாக வீட்டில் இருக்கிறார். விழவில்லை என்பதற்காக அந்த மேனேஜரை நான் மன்னித்துவிட வேண்டுமா? விழாத ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாட்களில் எனக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவாள். நான் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தால்கூடப் பாதியில் தள்ளிவிட்டுப் போவாள். அவர் இறங்குவதற்குள் பக்கத்தில் போய், தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையையும் தடவுவாள். அவரும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவள் தூசி தட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "அவுரு இன்னா சின்னப் புள்ளையா? தூசி அவரே தட்டிக்க மாட்டாரா?" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை முடித்துவிட்டு இடது கைக்குப் போனாள்.